பாலத்தில் பொதியன் பாடியது

"அம்மா, எனக்கு நீலயாளிக் காதை மறந்து போகணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

கேட்டவர் திருமேனியார். தலை முழுக்க நரை. எதிரே உட்கார்ந்து சுளகில் வரகு புடைத்துக்கொண்டிருந்த உலகம்மைக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். இருந்தால் என்ன, குன்றடி மடத்துக்கு அவள்தானே குரு. மனுஷன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டுதான் கேட்டார்.

உலகம்மை சுளகை நிறுத்தவில்லை.

"எதுக்கு மறக்கணும்?"

பதில் சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் உங்களுக்கு அந்தக் காதை என்கிற பழங்கதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

மலைக்குள்ளே உறங்குகிறது நீலயாளி. அதன் ஒற்றைக் கண்ணை இருட்குடையான் என்பவன் திருடிக்கொண்டு போய்விட்டான். யாளி விழித்துக்கொண்டால் உலகம் தாங்காது. அதற்குள் கண்ணை மீட்டு வைக்க நாலு பேர் புறப்படுகிறார்கள். இளவரசன் அனலேந்தி. வில்லாளி மின்னாள். துறட்டிக் கிழவர் என்கிற மந்திரவாதி. மூட்டை தூக்க ஒரு பொதியன்.

இவ்வளவுதான் கதை. ஆனால் இந்த நாலு பேருக்காக அந்தச் சீமை ஜனங்கள் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. அனலேந்தி கட்சிக்காரன் மின்னாள் கட்சி வீட்டில் பெண் எடுக்கமாட்டான். கைகலப்பு நடக்கும், பிறகு சமாதான விருந்து நடக்கும், விருந்தில் மறுபடி அதே பேச்சு கிளம்பும். கிறுக்குப் பிடித்தவர்கள். ஆனால் நல்ல கிறுக்கு, அதை நான் குறை சொல்லமாட்டேன்.

அந்தக் கிறுக்கர்களுக்கெல்லாம் தலைவர் நம் திருமேனியார். காதையில் எந்த வழக்கு வந்தாலும் அவர் தீர்ப்புதான் கடைசி. எவனாவது ஒரு சம்பவத்தைத் தப்பாகச் சொன்னால் நடுத்தெருவில் நிறுத்தி வைத்துத் திருத்துவார்.

அவர்தான் இப்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்.

"எல்லாம் தெரிஞ்சுபோச்சும்மா" என்றார். "எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அடுத்து என்ன வரும்னு தெரியுது. சின்ன வயசுல இதைக் கேட்டுட்டுச் சோறு இறங்காம கிடந்திருக்கேன். இப்ப வாசிக்கிறேன், மூடி வைக்கிறேன், அவ்வளவுதான். நெஞ்சு அசையமாட்டேங்குது."

"ம்."

"எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான். அதுவும் செத்துக் கிடக்கும்மா. அடியோட மறந்துட்டா, மறுபடி புதுசாக் கேட்கலாம் இல்லையா?"

சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார். வெட்கமாகவும் இருந்தது அவருக்கு, இந்த வயதில் ஒரு கதைக்காக அழுவதா என்று.

உலகம்மை சுளகிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

"மறக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவை சொல்லிடுங்க."

"உங்களுக்கா?"

"உட்காருங்க."

பாவம், இந்த அம்மாவுக்கு நீலயாளிக் காதை தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். நினைத்ததும் உள்ளே ஒரு குஷி. தனக்குப் பிடித்த கதையைக் கேட்டே இராத ஆள் ஒருவர் கிடைத்தால் எப்படி இருக்கும், சொல்லுங்கள். மேல்துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கதை ஓடியது. ஓடியது என்றால் நிஜமாகவே ஓட்டம்தான்.

"அனலேந்தி கோட்டை வாசல்ல நின்னான். ஒரு பாட்டுப் பாடினான். அப்புறம் குதிரையில ஏறி..."

"என்ன பாட்டு?"

"பாட்டு கிடக்கட்டும்மா. பாட்டு வந்தா கதை நின்னுபோகும். நாங்க எல்லாரும் அதைத் தாண்டித்தான் போவோம்."

"நிக்கட்டுமே. எனக்கு ஒரு அவசரமும் இல்லை."

திருமேனியார் தலையைச் சொறிந்தார். மனப்பாடம் என்னவோ இருந்தது. வேண்டா வெறுப்பாகச் சொன்னார்.

"உறைக்குள் உறங்கும் வாளே, நீ அறிவாய்:
என் கை நடுங்குவது குளிரினால் அன்று."

சொல்லிவிட்டு அப்படியே இருந்தார்.

"என்ன ஆச்சு?" என்றாள் உலகம்மை.

"அவன் பயந்திருக்காம்மா."

"ஆமா."

"அனலேந்திக்குப் பயம்னா என்னன்னே தெரியாதுன்னு நான் சபையில தீர்ப்பே சொல்லியிருக்கேன்."

உலகம்மை வரகைப் பானையில் கொட்டிவிட்டு, "நாளைக்குக் காலையில வாங்க" என்றாள்.

காலையில் வந்தார். மறுநாளும் வந்தார். அவள் எப்போதும் ஏதாவது வேலையாக இருப்பாள். பாத்திக்குத் தண்ணீர் கட்டுவாள், புளி ஆய்வாள். இவர் பின்னாலேயே கதை சொல்லிக்கொண்டு போவார். பாட்டு வந்தால் அவரே நிற்கப் பழகிவிட்டார். மின்னாள் போருக்கு முந்தின நாள் வில்லைத் துடைத்துக்கொண்டு பாடுகிறாளே, அந்தப் பாட்டை உலகம்மை இரண்டு முறை கேட்டாள்.

"நாணே, நீ கொஞ்சம் உறங்கு.
நாளைக்கு அழப் போகிறவர்கள்
இன்றைக்குச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்."

"எதிரிகளுக்காகப் பாடுதா அந்தப் பொண்ணு?" என்றாள் உலகம்மை.

"எதிரிகளுக்காகத்தான்" என்றார் திருமேனியார், சொந்த மகளைப் பற்றிச் சொல்வதைப் போல. "அவளைப் போல ஒருத்தி எந்தக் கதையிலயும் கிடையாதும்மா."

"அந்தத் துறட்டிக் கிழவரை நம்பலாமா?"

"அதெல்லாம் இப்பச் சொல்லமாட்டேன்."

அவருக்குச் சிரிப்பு. தான் எதற்காக வந்தோம் என்பதே ஞாபகமில்லாமல் சிரித்தார்.

இப்படியே போய்க் கதை கயிற்றுப் பாலத்துக்கு வந்தது.

அன்று உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கண்ணை மீட்டாச்சு" என்று ஆரம்பித்தார் திருமேனியார். "பின்னால இருட்குடையான் படை. முன்னால பாதாளம். குறுக்கே ஒரு கயிற்றுப் பாலம். ஒரே மூடுபனி, எதிர்க்கரை தெரியலை. இந்தக் கரையில கயிறு கட்டின முளை ஆடிப்போய்ப் பிடுங்கிக்கிச்சு. பொதியன் மூட்டையைக் கீழே போட்டான். கயிற்றை இடுப்புல சுத்திக்கிட்டு, காலைப் பாறையில ஊனிக்கிட்டான். நீங்க போங்க, நான் பின்னாலயே வர்றேன்னான். மூணு பேரும் கடந்தாங்க."

வழக்கமாக அவர் அங்கே ஒரு பெருமூச்சுவிட்டு யாளியின் குகைக்குப் போய்விடுவார். பொதியன் அவருக்கு எப்போதுமே சில்லறை ஆள். மூட்டை தூக்க ஒருத்தன், சிரிக்கவைக்க ஒருத்தன், அவ்வளவுதான். அவன் பாட்டையெல்லாம் யார் மதித்தார்கள்?

"சும்மாவா பிடிச்சிட்டு நின்னான்?" என்றாள் உலகம்மை.

"இல்லை, பாடினான்."

"எதுக்கு?"

"பனியில ஒண்ணும் தெரியாதே. பாட்டுக் கேட்கிற வரைக்கும் கயிறு பிடியில இருக்குன்னு அவங்களுக்குத் தெரியணும். தைரியமா நடப்பாங்க."

உலகம்மை கீரையைக் கீழே வைத்தாள். முதல் தடவையாக அவள் கை சும்மா இருந்தது.

"ஐயா, அவன் அக்கரைக்கு வந்துடுவானா?"

திருமேனியார் அவள் முகத்தைப் பார்த்தார். கதை தெரியாத குழந்தையிடம் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று வருந்தினார்.

"கேளுங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாட ஆரம்பித்தார்.

"அக்கரையில் அடுப்பு மூட்டு,
அரிசி கொஞ்சம் கூடப் போடு,
பின்னால வாறேன் நான்,
பசியோட வாறேன் நான்."

அடுத்ததைப் பாட வாயெடுத்தார். வரவில்லை.

வாய் திறந்தபடியே இருந்தது. கண் எங்கோ பனியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா."

"சொல்லுங்க."

"கயிற்றைப் பிடிச்சிட்டு நிக்கிறவன் எப்படிம்மா பாலத்தைக் கடப்பான்?"

கேட்டவர் தானே பதிலும் சொன்னார்.

"கடக்க முடியாதே. அது அவனுக்குத் தெரியும். பிடிக்கும்போதே தெரியும். தெரிஞ்சுதான் அரிசி போடச் சொல்றான். இத்தனை வருஷம் வாசிச்சும் எனக்கு உறைக்கலையே. பாவி, நான் தாண்டித் தாண்டிப் போயிருக்கேனே."

மேல்துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். சின்ன வயதில் சோறு இறங்காமல் கிடந்தாரே, அதைவிட மோசமான அழுகை. பொதியனைப் போய்ச் சில்லறை ஆள் என்று நினைத்தோமே என்று மனம் ஆறவே இல்லை.

"மிச்சத்தையும் பாடுங்க" என்றாள் உலகம்மை.

"வேண்டாம்மா. இத்தோட நிறுத்திக்கலாம். அவன் நிக்கட்டும். பாடிக்கிட்டே நிக்கட்டும்."



அப்புறம் உலகம்மை பாடினாள். மெல்லிய குரல்தான். ஒரு சொல் பிசகவில்லை.

"உப்பு மட்டும் போட வேண்டாம்,
ஒரு பிடி நான் கொண்டு வாறேன்,
பின்னால வாறேன் நான்,
பின்னால..."

காதையில் பாட்டு எங்கே அறுந்துபோகிறதோ, சரியாக அங்கேயே நிறுத்தினாள்.

திருமேனியார் துண்டை விலக்கி அவளைப் பார்த்தார்.

"உங்களுக்கு இந்தக் காதை தெரியுமா?"

"தெரியும்."

"முழுசுமா?"

"முழுசும் தெரியும். எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கேன். எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கேன்."

அவருக்குக் கோபம்கூட வந்தது. இத்தனை நாள் இந்தக் கிழவனை ஏய்த்தாளா என்று.

"அப்ப எதுக்கும்மா, அவன் அக்கரைக்கு வந்துடுவானான்னு என்னைக் கேட்டீங்க?"

உலகம்மை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னிக்காவது வந்துடமாட்டானான்னுதான்."