வடக்கே போனவரும் இங்கே இருந்தவரும்

செவ்வாய்க்கிழமை காலை வைத்திலிங்கம் வந்தபோது ஆசிரியர் அறவாழி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சீடர்கள் கூடுவது ஞாயிற்றுக்கிழமைதான். மற்ற நாட்களில் அந்த வீட்டுக்கு யாரும் வருவதில்லை.

"உட்காரு வைத்தி."

வைத்திலிங்கம் எதிரே உட்கார்ந்து, ஒரு கொத்தை எடுத்துத் தானும் உருவ ஆரம்பித்தார்.

இருவருக்கும் ஐம்பத்திரண்டு வயது. ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். இருபத்தெட்டு வருடம் வடக்கே இருந்துவிட்டு அறவாழி திருச்சிக்குத் திரும்பி, நாலு பேருக்குத் தியானமும் தத்துவமும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியபோது, முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தவர் வைத்திலிங்கம்தான். அன்றிலிருந்து 'ஐயா' என்றே கூப்பிடுகிறார். அறவாழி வேண்டாம் என்று சொல்லிப்பார்த்தார். கேட்கவில்லை.

"நிறைமதியை நேத்து ரயில் ஏத்திவிட்டேன் ஐயா."

"எங்கே?"

"அங்கேதான். நீங்க படிச்ச இடத்துக்கு."

அறவாழியின் கை ஒரு கணம் நின்று, மறுபடி உருவியது.

வைத்திலிங்கத்தின் மகள் நிறைமதிக்கு இரண்டு இடம் கிடைத்திருந்தது. ஒன்று, வீட்டிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத்தில் இருக்கும் பல்கலைக்கழகம். இன்னொன்று, மூன்று நாள் ரயில் பயணத்தில், ஏரிக்கரையில், மரத்தடியில் பாடம் நடத்தும் அந்தப் பழைய வளாகம். முப்பத்து நான்கு வருடத்துக்கு முன்னால் வைத்திலிங்கத்துக்கும் இதே இரண்டு இடமும் கிடைத்தன. அறவாழிக்கும்தான். அறவாழி போனார். வைத்திலிங்கத்தின் அம்மா சோறு தண்ணீர் இல்லாமல் படுத்துவிட்டதால் அவர் போகவில்லை. பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பட்டம் வாங்கி, சர்வேயர் வேலைக்குப் போனார்.

"அவ இங்கேயே படிக்கிறேன்னு சொன்னா. ஒரு மாசம் விடாம பேசி அவ மனசை மாத்தினேன். நான் இழந்ததை அவ இழக்கக் கூடாதுன்னு சொன்னேன். அவ அம்மா செண்பகம் என்கிட்ட பேசுறதை நிறுத்திட்டா."

"அப்புறம் என்ன கவலை?"

வைத்திலிங்கம் கீரையைக் கீழே வைத்தார்.

"ரயில் கிளம்பறதுக்கு முன்னாடி ஜன்னல் வழியா ஒண்ணு கேட்டா. 'எனக்குப் பிடிக்கலைன்னா திரும்பி வரலாமாப்பா?'ன்னு."

"என்ன சொன்னே?"

"'பையைப் பத்திரமா வச்சுக்கோ'ன்னு சொன்னேன்."

வெளியே யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள். அறவாழி அடுத்த கொத்தை எடுத்தார்.

"அந்த இடத்தைப் பத்தி உனக்கு யார் சொன்னா வைத்தி?"

"நீங்கதான். மாசம் ரெண்டு கடுதாசி போடுவீங்களே. விடியற்காலையில பாட்டு, ஏரியில நாரைக் கூட்டம், மாமரத்தடியில வகுப்பு. எல்லாம் எனக்கு மனப்பாடம்."

"ஏரி இருந்தது. நாரையும் இருந்தது. முதல் வருஷம் பூரா அந்தக் கரையில உட்கார்ந்து அழுதேன். அதை எழுதலை."

"ஏன் எழுதலை?"

"வர முடியாமப் போன உனக்கு, எனக்கு இங்கே பிடிக்கலைன்னு எப்படி எழுதுவேன்?"

"உங்க அப்பாவுக்காவது எழுதியிருக்கலாமே."

"அவரு தெரு முழுக்கப் பெருமையாச் சொல்லி வச்சிருந்தாரு. திரும்பி வரலாம்னு எனக்கு யாரும் சொல்லலை. நானும் கேக்கலை. உன் பொண்ணு தைரியசாலி. கேட்டுட்டா."

வைத்திலிங்கம் எழுந்து வாசலுக்குப் போய்ப் போன் செய்தார். மூன்றாவது முறைதான் கிடைத்தது.

"நிறை, நேத்து கேட்டியேம்மா. பிடிக்கலைன்னா வந்துடு. அப்பா ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

மறுமுனையில் ரயில் ஓடும் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் கேட்டது.

"நிஜமாவாப்பா?"

"நிஜமா."

"சரிப்பா." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "அம்மாகிட்ட பேசினீங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தபோது கீரை முழுவதும் உருவி முடிந்திருந்தது. அறவாழி காம்புகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்படின்னா நான் போகாம இருந்ததே நல்லதுன்னு சொல்றீங்களா ஐயா?"

"இல்லை. ரெண்டாம் வருஷத்துல எனக்கு அங்கே ஒரு ஆசிரியர் கிடைச்சாரு. அவரு இல்லைன்னா இன்னைக்கு நான் இல்லை. நீ வந்திருந்தா உனக்கும் கிடைச்சிருப்பாரு. அதை நான் மறைக்க முடியாது."

இத்தனை வருடமாக வைத்திலிங்கம் தனக்குத் தானே சொல்லி வந்ததை இன்னொருவர் வாயால் கேட்பது வேறாக இருந்தது.

"மூணு வருஷம் அந்தப் பஸ்ஸுல போயிட்டு வந்தேன். காலேஜு ஞாபகமே இல்லை. எந்த வாத்தியார் என்ன நடத்தினார்னு கேட்டா சொல்லத் தெரியாது."

"பஸ்ஸு ஞாபகம் இருக்கா?"

"பஸ்ஸா?"

"அதுல எங்க அப்பாதானே கண்டக்டர்."

வைத்திலிங்கம் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமா. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம், அவரு இறந்துபோற வரைக்கும். தன் சீட்டுக்கு முன்சீட்டை எனக்குன்னு பிடிச்சு வைப்பாரு. யாராவது உட்கார்ந்தா எழுப்பிடுவாரு. கூட்டம் குறைஞ்சதும் பக்கத்துல வந்து உட்காருவாரு."

"என்ன பேசுவாரு?"

"உங்களைப் பத்தித்தான். 'உனக்குக் கடுதாசி வந்துதா, எனக்கு எழுதாததை உனக்கு எழுதியிருக்கானா'ன்னு கேப்பாரு. நான் படிச்சுக் காட்டுவேன். நாரை பத்தி எழுதினதை மறுபடி மறுபடி படிக்கச் சொல்வாரு."

அறவாழி தலையைக் குனிந்துகொண்டார்.

"பதினெட்டு வருஷம் ஒரே வீட்டுல இருந்தோம். என் பக்கத்துல அவரு அப்படி உட்கார்ந்ததில்லை. தந்தி கைக்குக் கிடைச்சு, வண்டி மாறி மாறி வந்தப்ப எல்லாம் முடிஞ்சு அஞ்சாவது நாள். சாம்பலைக்கூட ஆத்துல கரைச்சுட்டாங்க. சித்தப்பா மகன் கொள்ளி வச்சதா அம்மா சொன்னா. பாடை தூக்கினது யார் யார்னும் சொன்னா. நான் உன்கிட்ட அதைப் பத்திக் கேட்டதே இல்லை."

"நானும் சொல்லலை."

"இப்ப சொல்லு."

"முன்பக்கம் நான் பிடிச்சிருந்தேன். சித்திரை வெயில். தெருவுலேர்ந்து ஆத்துக்கு ஒன்றரை மைல். பச்சை மூங்கில், தோளை அறுத்துடுச்சு. பாதி வழியில ஆள் மாத்திக்கச் சொன்னாங்க. எனக்கு விட மனசில்லை."

"எந்தத் தோள்?"

"வலது."

அறவாழி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, சீடனின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவருடைய வலது தோளில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடினார். அவர் அழுகிறாரா என்று வைத்திலிங்கத்துக்குத் தெரியவில்லை. தோளை அசைக்காமல் இருந்தார்.

"ஐயா," என்றார் மெதுவாக.

"தந்தியைக் கையில வச்சுக்கிட்டு அந்த மூணு நாளும் ரயில்ல உட்கார்ந்துக்கிட்டு நான் வந்து சேரணும்னு நினைச்ச இடம் இதுதான்டா வைத்தி."