தரையில் கிடந்த பதின்மூன்று

“மூணு போதும்னு தலையாட்டினது நீதானே மெர்லின்? இப்ப முடியலைன்னு வந்து நின்னா நான் மேலிடத்துல என்ன சொல்றது?”

கேட்டவர் திருமாறன், சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் அலுவலகத்தின் குழுத்தலைவர். ஒரு சொல் மாற்றாமல் இதையே மூன்றாவது தடவையாகக் கேட்கிறார். எதிரே நிற்கும் மெர்லின் நாகர்கோவில் பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இன்று மாலை திருமாறன் மேலே அனுப்பப்போகும் ஒற்றை வரியில்தான் அவள் வேலை நிரந்தரமாவதும் போவதும். அவரோ நாற்காலியை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருக்கிறார்.

நடந்தது இதுதான். ஒரு மருத்துவமனைச் செயலியில் ஒரே நோயாளிக்கு இரண்டு டோக்கன் போய்க்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய வேண்டும். இந்தக் குழுக்களில் ஒரு வேலையை எடுக்குமுன் அது எவ்வளவு பெரியது என்று சீட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். ஆளுக்கொரு சீட்டுக்கட்டு. சின்ன வேலைக்கு மூன்று, பெரிய வேலைக்குப் பதின்மூன்று. மனதில் பட்ட எண்ணைக் கவிழ்த்து வைத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். எண்கள் ஒத்துப்போகாவிட்டால், அதிகம் போட்டவரும் குறைவாகப் போட்டவரும் காரணம் சொல்ல வேண்டும். நல்ல விதிதான். கல்யாண வீட்டில் எத்தனை இலை என்று கேட்டால், மாமியார் முகத்தைப் பார்க்காமல் எந்த மருமகள் பதில் சொல்கிறாள்? அவளுக்கும் இப்படி ஒரு கட்டு கொடுத்திருக்கலாம்.

அன்று கூட்டத்தை நடத்தியவள் சுகந்தி. “ம், திருப்புங்க” என்றாள். திருமாறன் மூன்று. மெர்லின் பதின்மூன்று. அந்த டோக்கன் பகுதியை இரண்டு வருடம் முன்பு எழுதிய பத்ரிக்கு மட்டும் சரியாக அந்த நேரத்தில் பேனா கீழே விழுந்தது. குனிந்து எடுத்தான், நிமிர்ந்தான், கடைசியாகத் திருப்பினான். மூன்று.

“பதிமூணா? டோக்கனைத் திருத்தச் சொன்னா ஆஸ்பத்திரியே கட்டப் போறியாம்மா?” என்றார் திருமாறன். முதலில் சிரித்தவன் பத்ரி.

கண்ணாடிக் கதவை அடுத்த குழு தட்டிக்கொண்டிருந்தது. சுகந்தி கடிகாரத்தைப் பார்த்தாள். “மெர்லின், மூணு ஓகேதானே?” மெர்லின் பத்ரியை ஒரு தரம் பார்த்தாள். அவன் அடையாள அட்டையின் கயிற்றைச் சுழற்றிக்கொண்டிருந்தான். அவள் தலையாட்டினாள்.

எல்லோரும் போனபின் சுகந்தி கட்டுகளைச் சேர்த்தாள். மெர்லின் போட்ட பதின்மூன்று மேஜைமேல் இருந்தது. பத்ரியின் நாற்காலிக்கு அடியில் இன்னொரு பதின்மூன்று கிடந்தது. இருந்த அவசரத்தில் அதை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வேலையைத் தொட்டதும் ஒரு முடிச்சை அவிழ்த்தால் நான்கு முடிச்சு வந்தது. இரண்டு வாரம் ஓடிவிட்டது. டோக்கன் இன்னும் இரண்டிரண்டாகவே போகிறது.

இப்போது நாலு பேரும் அதே மேஜையைச் சுற்றிக் கூடியிருக்கிறார்கள், ஆளாளுக்கு ஒரு நியாயம்.

“நான் கிண்டல்தான் பண்ணினேன், கட்டாயப்படுத்தலை” என்கிறார் திருமாறன். “நான் கேட்டேன், அவ சரின்னா” என்கிறாள் சுகந்தி. “எல்லாரையும் மாதிரி நானும் மூணுதான் போட்டேன் பாஸ். இதுல நான் எங்க வந்தேன்?” என்கிறான் பத்ரி. மெர்லினுக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான்: “நான் முதல்லயே பதிமூணு போட்டேன்.”

இதில் மெர்லினை மாட்டிவிட்டது யார்? யோசிக்கிறேன் பேர்வழி என்று இழுக்காமல் சொல்லுங்கள்.

விடை: திருமாறன் செய்த கேலி எல்லோர் காதிலும் விழுந்தது, அதை எதிர்த்து வாய் திறக்க வழியாவது இருந்தது. காரணம் கேட்க வேண்டிய சுகந்தி கடிகாரத்துக்குப் பயந்தாள், தப்புதான். ஆனால் மாட்டிவிட்டவன் பத்ரி. எத்தனை முடிச்சு என்று, போட்டவனுக்குத் தெரியாதா? அவன் கவிழ்த்து வைத்ததும் பதின்மூன்றுதான். தலைவரின் மூன்றைப் பார்த்தான், குனிந்தான், சீட்டை மாற்றினான். ஒற்றைப் பதின்மூன்றைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். இரண்டாவதும் மேஜைமேல் விழுந்திருந்தால் திருமாறனே “ஏன்?” என்று நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். மெர்லினைத் தனியாக்கியது அந்தத் தரையில் கிடந்த சீட்டு.

சுகந்திக்கும் அது இப்போதுதான் உறைத்தது. கைப்பையைத் துழாவி, சீட்டை எடுத்து மேஜை நடுவில் வைத்தாள்.

“இது யார் கட்டுல இருந்து விழுந்ததோ, அவங்க எடுத்துக்குங்க, ப்ளீஸ்.”

மெர்லின் நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பத்ரிக்கு மறுபடியும் பேனா கீழே விழுந்தது.