ஸாரிக்கு அரபியில் என்ன

“ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு அரபியில ஏழு வார்த்தை வருது டீச்சர். நான் எதை எழுதட்டும்?”

கேட்டவர் ஜெய்லானி, காயல்பட்டினத்துக்காரர். கல்லூரியில் முப்பது வருஷம் அரபி நடத்தி ஓய்வுபெற்று, வளைகுடாவில் மகன் வீட்டுக்கு வந்திருந்தார். சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. நம் ஊர்த் தொழிலாளிகளுக்காக ஒரு சின்ன அகராதி எழுதிக்கொண்டிருந்தார்.

டீச்சர் என்று அவர் அழைத்த ருமைஸாவுக்கு முப்பத்துமூன்று வயது. அவரை அவள், அவர் ஊர் வழக்கப்படி, காக்கா அதாவது அண்ணன் என்று அழைப்பாள். அந்த ஊர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். ஜெய்லானிக்குத் தெரிந்த அரபியில் பாதிகூட அவளுக்குத் தெரியாது. இலக்கணம் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாள்.

ஆனால் அவள் மொழிபெயர்த்த பிறகு, “நான் சொன்னது அதில்லை” என்று யாரும் சண்டைக்கு வந்ததில்லை. அதைக் கேள்விப்பட்டுத்தான், தன் மகளைவிடச் சின்னவளிடம் தொழில் கற்க வந்தார் மனிதர். அந்த மனசு எத்தனை பேருக்கு வரும்?

அவரைப் படுத்திய வார்த்தை, ஸாரி.

காலை மிதித்துவிட்டால் ஸாரி. காதில் விழாவிட்டால் ஸாரி. இழவு வீட்டில் ஸாரி. முடியாது என்பதை நயமாகச் சொல்லவும் ஸாரி. ஆசிஃப், அஃப்வன், மஃதிரா, சாமிஹ்னி என்று தொடங்கி ஏழுக்கும் ஆளுக்கோர் அட்டை எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

ருமைஸா அட்டைகளைப் பொறுமையாகப் படித்தாள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றாள். நாளைக் காலை கோர்ட்டுக்கு வரச் சொன்னாள்.

ஜெய்லானிக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

மறுநாள் சமரச அறையில் ஒரு பக்கம் இருளப்பன் உட்கார்ந்திருந்தான். முதுகுளத்தூர்ப் பக்கம். தண்ணீர் லாரி டிரைவர். பின்னால் பார்க்காமல் வண்டியை எடுத்ததில் சாலிம் என்ற இளைஞன் சக்கரத்தில் சிக்கிச் செத்துப்போனான்.

எதிர்ப்பக்கம் சாலிமின் தகப்பனார், அபூ சாலிம். அவர் மன்னித்தால் இருளப்பன் ஊருக்குப் போகலாம். இல்லையென்றால் இன்னும் மூன்று வருஷம் ஜெயில். கடைசி வாய்தா அன்றைக்குத்தான்.

இருளப்பனுக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் வார்த்தை ஸாரி. ஆறு மாதமாக அபூ சாலிமைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிட்டு அதையே சொன்னான். கடைத்தெருவில் என்னை இடித்துவிட்டுப் போகிறவனும் இதைத்தான் சொல்கிறான் என்று அவர் சமரச அதிகாரியிடம் கசந்து பேசியிருந்தார்.

அன்று ருமைஸா அதிகாரியிடம் அனுமதி கேட்டு, தனக்குப் பதிலாக ஜெய்லானியை மொழிபெயர்க்கவைத்தாள்.

இருளப்பன் தமிழில் சொன்னான். “நான் பின்னால பாக்கலய்யா. அவசரத்துல எடுத்துட்டேன். உங்க மகனை நான்தான் கொன்னேன். என்னை மன்னிச்சிருங்க.”

அறையின் நடுவில் இருந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஜெய்லானி அதை அரபியில் சொன்னார். தான் பின்னால் பார்க்கவில்லை என்று இவர் கூறுகிறார். தங்களிடம் மன்னிப்பு வேண்டுவதாகவும் கூறுகிறார். ஏழில் மிகச் சிறந்த வார்த்தையைப் பொறுக்கி எடுத்திருந்தார். உச்சரிப்பில் ஒரு குறை கிடையாது.

அபூ சாலிம் போவதற்காக எழுந்துவிட்டார்.

ருமைஸா அவரை ஒரே ஒரு நிமிஷம் பொறுக்கச் சொன்னாள். ஜெய்லானியை எழுப்பி, அவருடைய நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் இருளப்பனை ஒட்டிப் போட்டாள். உட்காரும்படி கை காட்டினாள்.

கோர்ட்டில் மொழிபெயர்க்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பேசுகிறவன் ‘நான்’ என்றால் இவர்களும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘அவர் கூறுகிறார்’ என்பதெல்லாம் கிடையாது. ருமைஸா முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுத்திருந்தாள். இவருக்குத்தான் அன்றைக்கு வாய் வரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அடுத்தவன் செய்த கொலையைத் தன் வாயால் ஒப்புக்கொள்வது லேசான காரியமா?

“நான் கொல்லலியே டீச்சர்,” என்றார் தணிந்த குரலில்.

“அவருக்குக் கேக்குறது உங்க குரல்தானே காக்கா.”

ஜெய்லானி உட்கார்ந்தார். இருளப்பனின் தோள் அவர்மேல் பட்டது.

இருளப்பன் மறுபடியும் சொன்னான்.

“நான் பின்னால் பார்க்கவில்லை,” என்றார் ஜெய்லானி அரபியில். “உங்கள் மகனை நான் கொன்றேன்.”

பிறகு மன்னிப்பும் கேட்டார். மன்னிப்புக்கு அன்று எந்த வார்த்தையைப் போட்டார் என்பது இன்றுவரை அவருக்கே நினைவில்லை.

அபூ சாலிம் திரும்பவும் உட்கார்ந்தார். ஜெய்லானியின் கண்களைப் பார்த்துக் கேட்டார்.

“சாகும்போது அவன் ஏதாவது சொன்னானா?”

ஆறு மாதத்தில் இருளப்பனிடம் இதை யாரும் கேட்டதில்லை.

“தண்ணி கேட்டுச்சு அந்தத் தம்பி. மடியில தலைய வச்சுக்கிட்டுக் கையில ஏந்திக் குடுத்தேன். ரெண்டு வாய் குடிச்சுச்சு.”

“தண்ணீர் கேட்டான்,” என்றார் ஜெய்லானி. “அவன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். என் கையால் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தான்.”

அபூ சாலிம் எட்டி ஜெய்லானியின் கைகளைப் பிடித்துக்கொண்டார். அவற்றில் முகத்தைப் புதைத்து அழுதார்.

ஜெய்லானி கையை இழுத்துக்கொள்ளவில்லை. அழுகை ஓயும்வரை அப்படியே இருந்தார். பிறகு அந்தப் பெரியவரின் கைகளை மெல்லக் கொண்டுபோய் இருளப்பனின் கைகளில் வைத்தார்.

அபூ சாலிம் நிமிர்ந்து பார்த்தார். வைத்த கையை எடுக்கவில்லை. அரபியில் ஒரு வார்த்தை சொன்னார்.

இருளப்பன் ஒன்றும் புரியாமல் ஜெய்லானியின் பக்கம் திரும்பினான்.

“நான் உன்னை மன்னிச்சுட்டேன்,” என்றார் ஜெய்லானி.