மெத்தைக்குப் போட்ட சாம்பார் சாதம்

நாகலிங்கம் வீட்டில் இருந்தது ஒரே மெத்தை. மனைவி தையல்நாயகி சீராகக் கொண்டுவந்த இலவம்பஞ்சு மெத்தை. அதைத் தவறாமல் நனைத்துக்கொண்டிருந்தது துரை. துரை என்பது நாய். மரியாதையெல்லாம் பெயரில் மட்டும்தான்.

அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பிய தையல்நாயகி வாசலில் நின்று சொன்னாள்: "நாளைக்கு மத்தியானம் வந்துடுவேன். அதுக்குள்ள இது படுக்கைய நனைக்கிறத நிறுத்தியிருக்கணும். இல்லன்னா எங்க அண்ணன் தோப்புக்கு அனுப்பிடுவேன். அதுமேல ஒரு கண் வச்சுக்குங்க."

நாகலிங்கத்தால் துரையைத் தோப்புக்கு விட முடியாது. அவன் பேசினால் கடைசிவரை கேட்கிற ஒரே ஜீவன் துரைதான். ஓடிப்போய்க் கூட்டாளிகள் பூவராகனையும் தில்லைக்கண்ணுவையும் அழைத்துவந்தான்.

மூவரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, மிச்சமிருந்த ஒரு கண்ணைத் துரைமேல் வைத்தார்கள். துரை மெத்தையில் ஏறியது. ஒரு சுற்று சுற்றியது. காலைத் தூக்கியது. கடைசிச் சொட்டு விழும்வரை ஒருவரும் இமைக்கவில்லை.

"நல்லாத்தானேடா பார்த்தோம்?" என்றான் நாகலிங்கம்.

"நீ எந்தக் கண்ணால பார்த்த?" என்று கேட்டான் தில்லைக்கண்ணு.

"இடது கண்ணால."

"அங்கதான் கெடுத்த."

எல்லாக் காரியமும் தன்னால்தான் கெடுகிறதோ என்று நாகலிங்கம் வெகுநேரம் யோசித்தான். விடிந்ததும் மாட்டு டாக்டரிடம் போய் நின்றான்.

டாக்டர் ஓர் எருமையின் வாய்க்குள் கையை விட்டிருந்தார். "நாய் தான் சாப்பிடுற இடத்தை அசிங்கம் பண்ணாதுய்யா. எங்க நனைக்குதோ அங்க சோத்தை வை. சரியாயிடும்," என்றார், திரும்பிப் பார்க்காமலே.

வீட்டில் ஆலோசனை நடந்தது.

"தலைமாட்டுல வச்சா கால்மாட்டை நனைச்சுடும்," என்றான் பூவராகன்.

"கால்மாட்டுல வச்சா?"

"தலைமாடு போச்சு."

"அப்ப மெத்தை பூராவும் வச்சுட வேண்டியதுதான்," என்று தீர்ப்புச் சொன்னான் தில்லைக்கண்ணு. "ஆனா சாம்பார் ஊத்திப் பிசையணும். வெறுஞ்சோத்தை துரை சாப்பாடுன்னே ஒத்துக்காது."

ஓர் அண்டா சாம்பார் சாதம் தயாரானது. நெல் காயப்போடுவதுபோல மெத்தை முழுக்கப் பரப்பி, மேடு பள்ளம் தெரியாமல் கரண்டியால் நிரவினார்கள். துரை ஓரத்தில் நாலு வாய் நக்கியது. பிறகு இறங்கிப்போய் நாற்காலியை நனைத்தது.

"மெத்தை தப்பிச்சுதுடா!" மூவரும் கட்டிக்கொண்டு குதித்தார்கள்.

நாற்காலிக்கு ஒரு கரண்டி போட்டார்கள். துரை பாயை நனைத்தது. பாய்க்கும் ஒரு கரண்டி விழுந்தது. செருப்பு, தலையணை, தையல் மிஷின், அரிசி மூட்டை என்று துரை போன இடமெல்லாம் கரண்டியும் பின்னாலேயே போனது. கடைசியில் வீட்டுக்குள் சோற்றை மிதிக்காமல் கால் வைக்க இடமில்லை. துரை நாலு பக்கமும் பார்த்தது. வெளியே நடந்துபோய் வேப்பமரத்தின்மேல் காலைத் தூக்கியது.

நாகலிங்கத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "என் செல்லம்! இனி உன்னை எவன்டா தோப்புக்கு அனுப்புறது?"

சந்தோஷத்தில் பசித்தது. உள்ளே உட்கார இடமில்லாததால் மூவரும் வேப்பமரத்தடியிலேயே இலை போட்டார்கள். துரையும் வந்து நாகலிங்கத்தின் இலையில் பங்குபோட்டுக்கொண்டது.

பாதிச் சாப்பாட்டில் பூவராகனின் கை நின்றது. "டேய், இப்ப இதுவும் துரை சாப்பிடுற இடமாயிடுச்சேடா!"

துரை மரத்தைப் பார்த்தது. வீட்டைப் பார்த்தது. பின்னங்கால்களை இடுக்கிக்கொண்டு தவித்தது.

அந்த நேரத்தில்தான் ஆட்டோ வந்து நின்றது. கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு தையல்நாயகி இறங்கினாள். துரை துள்ளிக்கொண்டு ஓடி அவளைச் சுற்றியது. புடவையை மோந்தது. அதில் சோற்று வாசனை இல்லை. மெல்லக் காலைத் தூக்கியது.

நாகலிங்கத்தின் கண்முன் தோப்பு வந்து நின்றது. அண்டாவில் மிச்சம் ஒரே ஒரு கரண்டி. அள்ளிக்கொண்டு பாய்ந்தவன், இடுப்பிலிருந்து கொசுவம்வரை வழிய வழிய ஊற்றினான்.

துரை மோந்து பார்த்துவிட்டுக் காலை இறக்கியது.

"பார்த்தியா தையலு! உன்மேல ஒரு சொட்டு படலயே!"

தையல்நாயகி குனிந்து புடவையைப் பார்த்தாள். துரை மெதுவாக அவளுக்குப் பின்பக்கம் நடந்தது. அதைப் பார்த்த தில்லைக்கண்ணு பதறிப்போனான்.

"தங்கச்சி, அசையாம அப்படியே நில்லும்மா! முதுகுப் பக்கம் இன்னும் சோறு போடல. இதோ, உலை வச்சுட்டு வந்துடறோம்!"