வெள்ளைக்கு அடியில் நூல்

ஓவியர் தாட்சாயணியிடம் ஜெசிந்தா கற்றுக்கொள்ள வந்து ஆறு வருஷம் ஆகிறது. தபால் ஆபீஸ் வேலை முடிந்ததும் நேராக இங்கேதான் வருவாள். இந்த ஆறு வருஷத்தில் ஒரு கேள்விக்குக்கூட டீச்சர் நேராகப் பதில் சொன்னதில்லை. அது ஜெசிந்தாவுக்குப் பழகிவிட்டது.

அன்றைக்கு மட்டும் நேரான பதில் வேண்டியிருந்தது. மறுநாள் டீச்சரின் படங்களுக்குப் பெரிய கண்காட்சி. வாசலில் வைக்கும் அறிமுகத்தை ஜெசிந்தாதான் எழுதிக்கொண்டிருந்தாள். அச்சகத்தில் இருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது.

"ஒரே ஒரு வரிதான் பாக்கி, டீச்சர். உருவமே இல்லாம, வெறும் வெள்ளைக்குள்ள கோடு ஓடுற மாதிரி வரையணும்னு எப்படித் தோணுச்சு? நம்ம ஊர்ல அதை முதல்ல வரைஞ்சது நீங்கதானே?"

தாட்சாயணி எழுந்தார். வேனில் ஏற்றுவதற்காகச் சுவரோரம் சாய்த்திருந்த படத்தின் முன்னால் போய் உட்கார்ந்தார். ஊரே மெச்சிய முதல் வெள்ளைப் படம் அது. சாயம் வழிக்கும் கத்தியை எடுத்து அதன் நடுவில் கீறினார்.

ஜெசிந்தாவுக்கு உயிரே போய்விட்டது. "என்ன டீச்சர் பண்றீங்க?"

கீறிய இடத்தில் டீச்சர் நகத்தால் நெம்பினார். ஒரு நூல் வந்தது. சாதாரணத் தையல் நூல்தான். இழுக்க இழுக்க வெள்ளைச் சாயம் செதில் செதிலாக உதிர்ந்தது.

"இது வடிவு ஒட்டின நூல். காலேஜ்ல என்கூடப் படிச்சவ. கேன்வாஸ்ல நூலை ஒட்டி மேல வெள்ளை அடிப்பா. அவ படமே அவ்வளவுதான். கல்யாணம்னு சொல்லிப் பாதியில கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஒன்பது கேன்வாஸ் மூலையில கிடந்துச்சு. அவ படம்னு தெரியாம, யாரோ வரையறதுக்கு வெள்ளை அடிச்சு வச்சிருக்காங்க, துணிதான் மட்டம்னு நினைச்சேன்."

"அது மேல வரைஞ்சீங்களா?"

"ஜாடி வரைஞ்சேன். பழம் வரைஞ்சேன். எதுவும் நிக்கலை, கோடு மேல வந்துக்கிட்டே இருந்துச்சு. கோபத்துல எல்லாத்தையும் வெள்ளையடிச்சு மூடினேன். அதைத்தான் எங்க வாத்தியார் புதுசுன்னாரு."

"அந்த வடிவுக்கு இது தெரியுமா?"

"முதல் கண்காட்சிக்கு வந்தா, இடுப்புல குழந்தையோட. படத்தைத் தடவிப் பார்த்துட்டு, 'நூல் இன்னும் பிரியலையே'ன்னா. அது அவளோடதுன்னு அப்பதான் எனக்கே தெரியும்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பக்கத்துல பத்திரிகைக்காரங்க நின்னாங்க. காபி சாப்பிடுறியான்னு கேட்டேன்."

ஜெசிந்தாவுக்குக் கோபமாக இருந்தது. பாவமாகவும் இருந்தது. "அப்புறம் பார்க்கவே இல்லையா?"

"போன வருஷம் தேடிப் போனேன். மாலை போட்ட போட்டோதான் இருந்துச்சு. 'எங்க அம்மா படம் வரைவாங்களா'ன்னு அவ மகன் என்னைக் கேட்டான்."

போன் மறுபடி அடித்தது. ஜெசிந்தா எடுக்கவில்லை. எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்தாள்.

"இதை எழுதினா உங்க பேரு போயிடும், டீச்சர்."

தாட்சாயணி நூலைத் தன் விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"முதல்ல வரைஞ்சவ வடிவு. மேல வரைஞ்சவ தாட்சாயணி. அப்படி எழுது."