ராக்கப்பன் கால் அளவு

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு குருகுலம் இருந்துச்சு. ஆசிரமம் எல்லாம் இல்ல. தகரக் கடை. முன்னாடி குல்லா, மப்ளர், ஸ்வெட்டர்னு தொங்கும். உள்ள ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு உக்காந்து கம்பளி பின்னிட்டிருக்கும். முப்பது வயசு இருக்கும். அதுதான் குரு.

சிஷ்யன் யாருன்னா, கறிக்கடை சடையாண்டி. அறுபதத் தொடப் போற ஆளு. மீசை ரெண்டு பக்கமும் கிடாக் கொம்பு மாதிரி சுருண்டு நிக்கும். அந்த மீசையோட ஒரு நாள் கடை முன்னாடி வந்து நின்னாரு.

"என்னண்ணே, குல்லா வேணுமா?"

"பின்னக் கத்துக்கணும்."

"யாரு?"

"நான்தான்."

ஜெசிந்தா அவர மேலயும் கீழயும் பாத்துச்சு. "கத்திய வெளிய வச்சிட்டு உள்ள வாங்க."

அன்னையில இருந்து காலையில வெட்டு, சாயங்காலம் பின்னல். அவருக்கு அது டீச்சர். அதுக்கு அவரு அண்ணே.

மொதல்ல பேரனுக்கு ஒரு குல்லா பின்னினாரு. பேரன் தலை உள்ள போகல. டீக்கடை கெட்டில் மேல கனகச்சிதமா உக்காந்துச்சு. டீ ஆறவே மாட்டேங்குதுன்னு டீக்கடைக்காரன் இன்னொண்ணு கேட்டான்.

அடுத்தது பொண்டாட்டிக்கு மப்ளர். ஆரம்பிக்கத் தெரிஞ்ச மனுசனுக்கு நிறுத்தத் தெரியல. அந்தம்மா அத விரிச்சுப் பாத்துட்டு, "இது எனக்கா, இல்ல ஊட்டி ரயிலுக்கா?"ன்னு கேட்டுச்சு.

சலூன் வச்சிருந்த கூட்டாளிக்கு ஒரு ஸ்வெட்டர். ஒரு கை முழங்கையோட நின்னு போச்சு. இன்னொரு கை முழங்கால் வரைக்கும் தொங்குச்சு. கூட்டாளி ஒண்ணும் பேசாம மாட்டிக்கிட்டான். மறுத்துப் பேசினா ஞாயித்துக்கிழமை எலும்புதான் வரும்னு அவனுக்குத் தெரியும்.

ஆனா கை பழகிடுச்சு. சொந்தம், பந்தம், சம்பந்தி, சம்பந்தியோட சம்பந்தின்னு பாதி பஜாரு சடையாண்டி பின்னினத மாட்டிக்கிட்டுத் திரிஞ்சுச்சு.

ஒரு சாயங்காலம் ஜெசிந்தா தலைய நிமிராமலே கேட்டுச்சு.

"ஊருக்கே பின்னிட்டீங்க. யாருக்குப் பின்ன வந்தீங்கண்ணே?"

சடையாண்டி கையில ஊசி நின்னு போச்சு. "தம்பிக்கு"ன்னாரு.

"உங்களுக்குத் தம்பி இருக்காரா?"

"எதிர் மலையில இருக்கான். ராக்கப்பன். எஸ்டேட்டுல வாட்ச்மேன் வேலை. பேச்சுவார்த்தை இல்ல."

"ஏன்?"

"அப்பன் செத்த அன்னைக்கு மழை. மலைப்பாதையில மண்ணு சரிஞ்சு பஸ் வரல. பொணம் தூக்குற நேரத்துக்கு, நடந்தே வந்து சேந்திருக்கான். அது எனக்குத் தெரியாது. வாசல்ல அவன் தலையப் பாத்ததும், 'சோறு எப்பன்னு கேட்டுட்டு வந்தியாடா'ன்னுட்டேன். ஊரு பூரா நின்னுச்சு. அவன் அப்பன் முகத்தக்கூடப் பாக்கல. அப்படியே திரும்பிப் போயிட்டான்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. இப்ப அவனுக்குச் சர்க்கரையாம். கால் மரத்துப் போச்சாம். பூட்சுக்குள்ள ஒரு கல்லு கெடந்திருக்கு. நாள் பூரா அது மேலயே நடந்திருக்கான், தெரியல. ஒரு வெரல எடுத்துட்டாங்களாம். கறி வாங்க வந்தவன் சொன்னான். எந்த வெரல்னுகூட நான் கேக்கல."

ஜெசிந்தா பின்னிட்டிருந்த ஸ்வெட்டர ஓரமா வச்சுச்சு. மெல்லிசா, ரெண்டு பக்கமும் முனை வச்ச குட்டி ஊசிங்கள எடுத்துச்சு. "கிட்ட வாங்க."

சாக்ஸ் பின்ன ஆரம்பிச்சுச்சு. குழாய் மாதிரி வட்டமா, நேரா எறங்கிட்டே வந்த பின்னல் திடீர்னு நின்னுச்சு. ஊசியில கோத்த நூல் வளையத்துல, அதான் கண்ணி, பாதிய ஒரு ஊசியிலயே தூங்க விட்டுட்டு, மிச்சப் பாதிய மட்டும் போயிட்டு வந்து, போயிட்டு வந்து பின்னுச்சு. ஓரத்துல கண்ணிய ரெண்டு ரெண்டா சேத்துச்சு. சடையாண்டி பாத்துட்டே இருந்தாரு. அவரு கண்ணு முன்னாடியே அந்த நேர்க் குழாய் வளைஞ்சு, குழிஞ்சு, ஒரு குதிகால் ஆச்சு. வெட்டவும் இல்ல, தைக்கவும் இல்ல. ஒரே நூலு. வெறுங்காத்துல ஒரு குதிகால் வந்து உக்காந்திருக்கு, ஆள் மட்டும் இன்னும் வரல.

வாழ்நாள் பூரா ஆட்டுக் கால வெட்டுன மனுசன். கால் ஒண்ணு உண்டாகுறத அன்னைக்குத்தான் பாத்தாரு. வாயில வச்ச பீடி அணைஞ்சது தெரியல.

"டீச்சர், நேராப் போயிட்டிருந்தது எப்படித் திரும்புச்சு?"

"நேராவே போயிட்டிருந்தா கால் எங்கண்ணே போய் நிக்கும்?"

சடையாண்டி வீட்டுக்குப் போயி, பின்னி, பிரிச்சு, பின்னி, ஒரு ஜோடி கொண்டாந்தாரு. ஜெசிந்தா உள்ள கைய விட்டுத் தடவிப் பாத்துச்சு. ஒரு எடத்துல வெரல் நின்னுச்சு.

"மாட்டிக்கிட்டு மார்க்கெட் வரைக்கும் போயிட்டு வாங்க."

போனவரு நொண்டிக்கிட்டே வந்தாரு. "சுண்டுவிரல் கிட்ட என்னமோ கடிக்குது டீச்சர்."

"அங்க நூலு தீந்துபோச்சா?"

"ஆமா. வேற நூலு எடுத்து முடிச்சுப் போட்டேன். சின்ன முடிச்சுதான்."

"உங்களுக்குக் கடிச்சுது, கழட்டுறீங்க. அவருக்குக் கடிக்காது. அவரு சாயங்காலம் வரைக்கும் அது மேலயே நடப்பாரு."

சடையாண்டி சாக்ஸக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு.

ஜெசிந்தா ரெண்டு நூலோட முனையையும் பிரிச்சு, ஒண்ணு மேல ஒண்ணு வச்சுச்சு. "எச்சியத் தொட்டு, உள்ளங்கையில வச்சு சூடு வர்ற வரைக்கும் உருட்டுங்க. ஆட்டு ரோமந்தானே, உங்க சொல்லு கேக்கும்."

உருட்டினாரு. கையத் தொறந்து பாத்தா ஒரு நூலுதான் இருந்துச்சு. இழுத்துப் பாத்தாரு, வரல. எங்க சேந்துச்சுன்னு தேடினாரு, கெடைக்கல. தராசத் தூக்கிப் பாக்குற மாதிரி அந்த நூல வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்துட்டே இருந்தாரு. "மந்திரமா இருக்கு டீச்சர்"ன்னாரு.

"எச்சிண்ணே" அப்படின்னுச்சு குரு. அப்புறம், "இந்த ஜோடி யாரு அளவு?"ன்னு கேட்டுச்சு.

"என் அளவுதான். அண்ணன் தம்பிதானே."

"அவருக்கு எந்தக் கால்ல வெரல் இல்ல?"

சடையாண்டி தன் ரெண்டு காலையும் மாத்தி மாத்திப் பாத்தாரு.

"போய் அளந்துட்டு வாங்க."

"டீச்சர், நான் அண்ணன். அவன்தான் என் கால்ல விழணும். நான் போயி அவன் காலப் புடிச்சா ஊரு என்ன சொல்லும்?"

ஜெசிந்தா ஸ்டூல விட்டு எறங்கித் தரையில உக்காந்துச்சு. சடையாண்டியோட வலது கால வெடுக்குன்னு இழுத்து மடியில வச்சுக்கிச்சு. அவரு பதறிட்டாரு.

"விடுங்க டீச்சர். நீங்க குரு, நீங்க போயி என் கால..."

"ஆடாதீங்க." நூல பாதத்தச் சுத்தி ஓட்டி, இறுக்காம, தொட்டும் தொடாம பிடிச்சுச்சு. குதிகால உள்ளங்கையில ஏந்திப் பாத்துச்சு. ஒவ்வொரு வெரலையும் தொட்டுச்சு. சடையாண்டிக்கு உச்சந்தலை வரைக்கும் ஏதோ ஏறுச்சு. பொறந்ததுல இருந்து அந்தக் கால யாரும் அப்படிப் பிடிச்சதில்ல.

"இப்படித்தான் அளக்கணும். நான் உங்க கால்ல விழல, அளந்தேன். போங்க."

மறுநாள் கறிக்கடைக்குப் பூட்டுப் போட்டுட்டு பஸ் ஏறினாரு. வழி பூரா ஒரே யோசனை. யோசிக்க யோசிக்க நல்லதாத்தான் பட்டுச்சு. மன்னிச்சுக்கடான்னு வாய் வராது. ஆனா காலப் பிடிச்சா அதுவே கேட்ட மாதிரிதானே. அளவும் எடுத்தாச்சு, மன்னிப்பும் கேட்டாச்சு. வாய்க்கு வேலையே இல்ல. மீசையத் தடவி விட்டுக்கிட்டாரு.

ராக்கப்பன் பொண்டாட்டி கதவத் தொறந்துச்சு. பேயப் பாத்த மாதிரி நின்னுச்சு. அப்புறம் அடுப்படிக்குப் போயி காப்பி வச்சுச்சு.

ராக்கப்பன் ஜன்னலோரமா கட்டில்ல, இடுப்பு வரைக்கும் கம்பளியப் போத்திட்டு உக்காந்திருந்தான்.

"என்ன, கறிக்கடை லீவா?"

"லீவுதான்."

"என்ன விஷயம்?"

"சாக்ஸ் பின்னணும். கால் அளவு வேணும்."

"யாரு பின்னுறது?"

"நான்."

ராக்கப்பன் அவர ஏற எறங்கப் பாத்தான். "கோத்தகிரியில ஒரு கறிக்கடைக்காரன் கெட்டிலுக்குக் குல்லா போட்டுட்டு அலையுறான்னு சொன்னாங்க. நம்ம குடும்பத்து ஆளா இருக்காதுன்னு சொல்லிட்டு வந்தேன்."

கம்பளிக்கு வெளிய வலது கால நீட்டினான். முகத்த ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டான். வெளிய மேகம் எறங்கி தேயிலைத் தோட்டமே காணோம்.

சடையாண்டி தரையில உக்காந்தாரு. சுண்டுவிரல் இல்ல. அந்த எடம் சுருங்கி, வழவழன்னு இருந்துச்சு. ஆனா அவரு மூச்ச நிறுத்துனது அது இல்ல. அகலமான பாதம், மேடு தட்டுன புறங்கால், பெருவிரலத் தாண்டி நிக்கிற ரெண்டாவது வெரல். அப்பன் காலு. குளிப்பாட்டி, கட்டி, தூக்கி அனுப்புன அதே காலு, கட்டில் ஓரத்துல உயிரோட இருந்துச்சு. இந்தக் காலத்தான் வாசல்லயே திருப்பி அனுப்பிருக்காரு.

ரெண்டு கையாலயும் பிடிச்சாரு. சில்லுன்னு இருந்துச்சு. அளக்க வந்தது மறந்து போச்சு. நெத்திய அது மேல வச்சாரு. கண்ணுல வந்த தண்ணி புறங்கால்ல வழிஞ்சு, வெரல் இல்லாத எடத்து வழியா கீழ எறங்குச்சு. மீசை நனைஞ்சுபோச்சு. இத்தன வருசமா தொண்டையில கெடந்தது அத்தனையும் கை வழியா எறங்கிட்ட மாதிரி இருந்துச்சு.

மேகத்தப் பாத்துட்டே ராக்கப்பன் கேட்டான்.

"எவ்வளவு நேரம் கால நீட்டிட்டே இருக்கறது? இன்னும் அளக்க ஆரம்பிக்கலையா?"

சடையாண்டி நிமிந்தாரு. துண்டால மொதல்ல அந்தக் காலத் தொடச்சாரு, அப்புறம் தன் முகத்தத் தொடச்சாரு. நூல ஓட்டி அளந்தாரு. இடது காலையும் அளந்தாரு. காப்பியக் குடிச்சாரு. "வர்றேன்"ன்னாரு. ராக்கப்பன் "ம்"ன்னான்.

நேரா தகரக் கடைக்கு வந்து அளவு நூல ஜெசிந்தா முன்னாடி வச்சாரு.

"அளந்துட்டீங்களா?"

"அளந்தேன். கால்லயும் விழுந்தேன் டீச்சர். நெத்திய வச்சு அழுதேன். அவனுக்கு ஒண்ணுமே தெரியல. அளக்க ஆரம்பிக்கலையான்னு கேக்குறான்."

ஜெசிந்தா அந்த நூல ஒரு முனையில இருந்து மறு முனை வரைக்கும் வெரலால நீவி விட்டுச்சு.

"வாயத் தொறந்து ஏதாச்சும் சொன்னீங்களா?"

"எதுக்கு? அதான் காலப் புடிச்சுட்டேனே."

"அண்ணே."

"சொல்லுங்க டீச்சர்."

"அன்னைக்குச் சாவு வீட்டு வாசல்ல நீங்க சொன்னது, அவரு கால்லயா போய் விழுந்துச்சு?"

சடையாண்டியோட கை மெதுவா தன் காதத் தொட்டுச்சு.