தோசையம்மா கல்லறையில் ஒரு கேப்டன்

தீர்ப்புச் சொல்லும் வேலை கடைசியில் உங்கள் தலையில்தான் விழப்போகிறது. அதனால் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.

மலைமேல் ஓர் ஊர். பெயரைச் சொன்னால் நாளைக்கே தோசையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். ஆகவே சொல்ல மாட்டேன். அங்கே வெள்ளைக்காரர் காலத்துக் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. உயர்ந்த சைப்ரஸ் மரங்கள், சரிவெங்கும் நீலப் பூப்புதர்கள், நடுவே சாய்ந்தும் நிமிர்ந்தும் பழைய கற்கள். அங்கே யாரையும் அடக்கம் செய்து நூறு வருஷமாகிறது. ஆனாலும் ஊரில் அதைவிடக் கலகலப்பான இடம் கிடையாது. பரீட்சைக்குப் படிப்பதும் அங்கேதான், கல்யாண ஜோடிகள் படம் எடுத்துக்கொள்வதும் அங்கேதான்.

மேற்கு மூலையில் ஒரு கல். பாசி மூடியது போக ஐந்து ஆங்கில எழுத்துகள்தான் அதில் தெரியும். எப்போதோ புல் வெட்ட வந்த பெண்கள் அவற்றை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். ‘தோசே’ என்று வந்தது. அவ்வளவுதான், உள்ளே இருப்பவர் தோசையம்மா ஆகிவிட்டார். சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளையைச் சனிக்கிழமை காலையில் அழைத்துப்போய், கல்லின்மேல் ஒரு தோசையை வைத்து, கண்ணை மூடிக் கும்பிட வேண்டும். கண்ணைத் திறக்கும்போது தோசை காணாமல் போயிருந்தால் அம்மா ஏற்றுக்கொண்டாள், இனிப் பிள்ளை சாப்பிடும் என்பது நம்பிக்கை. தோசை ஒரு நாளும் தங்கியதில்லை. ஏனென்றால் தோட்டக்காரர் பவுல் மரத்துக்குப் பின்னால் நிற்பார். சனிக்கிழமைகளில் அவர் வீட்டில் காலைப் பலகாரம் சாப்பிட்டதே இல்லை.

அந்த ஊர் பேக்கரியில் வேலை செய்பவள் எஸ்தர். அவள் கணவன் குவைத்துக்குப் போய் ஏழு மாதம். நான்கு வயது மகள் நிம்மி, அப்பா ஊட்டினால்தான் சாப்பிடுவாள். “அப்பா ஊருக்குப் போயிருக்கு, வந்துரும்” என்று எல்லாரும் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் முதலில் சோற்றைக் குறைத்தாள். பிறகு வெறும் பாலும் பிஸ்கட்டும். பிறகு அதிலும் பாதி. டாக்டர் எடை பார்த்துவிட்டு, “திங்கட்கிழமைக்குள்ள சாப்பிடலன்னா, அட்மிட் பண்ணி மூக்குல குழாய் போட்டுத்தான் குடுக்கணும்” என்று சொல்லிவிட்டார். அதற்கு முன்பே இரண்டு சனிக்கிழமை தோசையம்மாவிடம் போயாயிற்று. இரண்டு தடவையும் தோசை மாயமானது. நிம்மி வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை போனபோது, கல் பளிச்சென்று இருந்தது. தோட்டத்தைப் பராமரிக்கும் குழுவின் செயலாளர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஞானாதிக்கம், ஒரு வாரமாகத் தண்ணீர் ஊற்றிப் பிரஷ்ஷால் தேய்த்து முழு எழுத்தையும் வெளியே கொண்டுவந்திருந்தார். பக்கத்தில் ஒரு பலகையும் நட்டுக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, இது ஆம்பளைக் கல்லறை. டோஸேன்னு ஒரு கேப்டன். தோசையம்மான்னு யாரும் இல்ல. சும்மா குழந்தைய அலைக்கழிக்காதீங்க” என்றார்.

“தோசையம்மா எங்க?” என்று நிம்மி கேட்டாள்.

மரத்துக்குப் பின்னாலிருந்து பவுல் ஓடிவந்தார். “ஊருக்குப் போயிருக்கா பாப்பா, வந்துருவா!”

ஏழு மாதமாகக் கேட்டுச் சலித்த பேச்சு அது. குழந்தை வீறிட்டு அழுதது. பாவம் பவுல், நல்லது நினைத்துத்தான் சொன்னார். குழந்தையை அழவைத்துவிட்ட கோபத்தை அப்படியே சார்மேல் திருப்பினார்.

“இத்தனை வருஷமா இருந்தவள ஒரே வாரத்துல தேய்ச்சே அழிச்சிட்டீங்களே, சார்!”

“பொய்ய எத்தனை வருஷம் சொன்னாலும் பொய்தானே, பவுலு?”

கல்லருகே உட்கார்ந்திருந்த எஸ்தர் எழுந்து போகவில்லை. “வேற என்ன சார் எழுதியிருக்கு?” என்று கேட்டாள். அவர் படித்துச் சொன்னார்: வயது இருபத்தொன்பது, காய்ச்சலில் இறந்தவர், உற்றார் எல்லாரும் கடலுக்கு அப்பால்.

அவள் மகளை மடியில் இழுத்துக்கொண்டாள். “சார் சொல்றது நெசந்தான் கண்ணு. தோசையம்மா இல்ல. இங்க ஒரு மாமா இருக்காரு. அவரு வீடு கடலுக்கு அந்தப் பக்கம். கூட உக்காந்து சாப்பிட இங்க அவருக்கு யாரும் இல்ல.”

அழுகை நின்றது. “பசிக்குமா?”

“செத்தவங்களுக்குப் பசிக்காதுடா. உயிரோட தனியா இருந்தப்போ பசிச்சிருக்கும்.”

நிம்மி தோசை டப்பாவைத் திறந்து, தோசையில் ஒரு துண்டு பிய்த்துக் கல்லின்மேல் வைத்தாள். “மாமா, நான் இருக்கேன்” என்று சொல்லிவிட்டு, அடுத்த துண்டைத் தன் வாயில் போட்டாள். அடுத்ததை அம்மா வாயில் திணித்தாள். இரண்டு தோசை தீர்ந்தது. கல்மேல் இருந்த துண்டை அன்றைக்குப் பவுல் தொடவில்லை.

திங்கட்கிழமை டாக்டர் குழாய்ப் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் தோட்டத்து வாசலில் சண்டை மட்டும் ஓயவில்லை. “நான் அந்த நம்பிக்கையக் காப்பாத்தி வைக்கலன்னா அந்தப் பொண்ணு இங்க வந்தே இருக்காது” என்கிறார் பவுல். “நான் உண்மையச் சொல்லலன்னா மூணாவது தடவையும் தோசைதான் போயிருக்கும்” என்கிறார் ஞானாதிக்கம். எஸ்தர் இருவரையும் பார்த்துச் சிரித்துவிட்டு வேலைக்குப் போகிறாள்.

இப்போது சொல்லுங்கள்: நம்பிக்கையைக் காத்தவர், உண்மையைச் சொன்னவர், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டவள். இதில் யார் செய்தது சரி?

என்னைக் கேட்டால், எஸ்தர்தான். பவுலின் பேச்சில் அன்பு இருந்தது, உண்மை இல்லை. சாரின் பேச்சில் உண்மை இருந்தது. ஆனால் அது கல்லைப் பற்றிய உண்மை, எதிரே நின்ற குழந்தையை அவர் பார்க்கவில்லை. எஸ்தர் ஒரு பொய்கூடச் சேர்க்காமல் அதே உண்மையை மகளுக்கு ஊட்டினாள். சரியான வார்த்தை அவளுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது என்கிறீர்களா? ஏழு மாதமாக, மகள் தள்ளிவிட்ட மிச்சத்தை அடுப்படியில் நின்றுகொண்டே ஒற்றையாகத் தின்றவள் அவள். எடை பார்த்த டாக்டர்கூட, “நீ சாப்பிட்டியாம்மா?” என்று கேட்கவில்லை.